புது ஆப் யாருக்கு வசதி?

கடைத்தெரு மாலா:
பேராக், சுங்கை சிப்புட் பக்கத்து ஆட்கள் யாராவது இருந்தால் பதில் சொல்லுங்கள். பெயர் வேண்டாம், ஒரு பேரங்காடி தன் ஆப்பை ஒரே இரவில் அடியோடு மாற்றிவிட்டது. முன்பெல்லாம் திறந்தவுடன் உறுப்பினர் அட்டையும் சாமான் வாங்கிச் சேர்த்த புள்ளிகளும் முதல் பக்கத்திலேயே இருக்கும். இப்போது விளம்பரக் காணொளி ஓடுகிறது. புள்ளியைப் பார்க்க ஓரத்தில் உள்ள மூன்று கோட்டை அழுத்தி, உள்ளே போய், இன்னொரு பக்கத்தையும் தாண்ட வேண்டும். தோட்டத்து அக்காமார் அங்கே போகிற வழியில் என் கடையில் நின்று கைப்பேசியை நீட்டுகிறார்கள். நான் மளிகைக் கடை நடத்துகிறேனா, அடுத்தவன் கடைக்கு உதவி மையம் நடத்துகிறேனா? 'வாடிக்கையாளர் அனுபவத்தை மேம்படுத்தியுள்ளோம்' என்று அறிவிப்பு வேறு. எந்த வாடிக்கையாளர்?

பிக்சல் தம்பி:
அக்கா, நானும் சுங்கை சிப்புட்தான், கோலாலம்பூரில் ஆப் வடிவமைக்கும் வேலை. நீங்கள் சொல்லும் ஆப்பை நான் செய்யவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்!

ஆனால் பொழுது போகாமல் யாரும் மாற்றுவதில்லை. பழைய நிரலில் ஒட்டுப் போட்டுக்கொண்டே வந்தால் ஒரு கட்டத்தில் எதைத் தொட்டாலும் வேறொன்று கெடும். பாதுகாப்பும் ஒரு காரணம். எஸ்எம்எஸ்ஸில் வரும் ஓடிபி எண்ணை மோசடிக்காரர்கள் பறிக்கிறார்கள் என்பதால் வேறு வழிக்கு மாறும்படி மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2022இல் வங்கிகளுக்குச் சொன்னது. ஒப்புதலை வங்கி ஆப்புக்குள்ளேயே கொடுப்பது, அதற்கு ஒரே ஒரு கைப்பேசி என்பதெல்லாம் அப்படி வந்தவைதான். அதையும்தான் திட்டினார்கள்.

லாபமும் உண்டு. இணையதளப் பயன்பாட்டை ஆராயும் ஜாரெட் ஸ்பூல் 2009இல் எழுதியது எங்கள் துறையில் எல்லாருக்கும் தெரிந்த கதை. ஒரு பெரிய இணையக் கடையில் பணம் கட்டும் முன் கணக்குத் திறந்தே ஆக வேண்டும். அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். வாங்கி முடித்தவர்கள் 45 விழுக்காடு கூடினார்கள். முதல் வருஷத்திலேயே 30 கோடி டாலர் கூடுதல் விற்பனை. இதையும் வேண்டாம் என்பீர்களா?

கடைத்தெரு மாலா:
நீயே மாட்டிக்கொண்டாய் தம்பி. அவர்கள் வாசலில் கிடந்த கல்லை நகர்த்தினார்கள், வீட்டை இடித்துக் கட்டவில்லை. இடித்துக் கட்டிய கதையை நான் சொல்கிறேன், மார்க்கெட்டிங் படிக்கிற என் மகள் சொன்னது. இங்கிலாந்தின் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் கடை நிறுவனம் 2014இல் 15 கோடி பவுண்டு செலவழித்துப் புது இணையதளம் திறந்தது. ஏற்கெனவே பதிந்திருந்த 60 லட்சம் பேரும் மறுபடி பதிய வேண்டும் என்றார்கள். முதல் காலாண்டில் இணைய விற்பனை 8.1 விழுக்காடு இறங்கியது. உன் கதையில் பதிவை எடுத்தார்கள், என் கதையில் பதிவைத் திணித்தார்கள். அழகு, நிறம் எல்லாம் அப்புறம்.

லாரி குமார்:
பழ லாரி ஓட்டுகிறவன் கருத்தையும் கேளுங்கள். எனக்குப் புது ஆப்தான் பிடிக்கிறது. ஒட்டுக்கடையில் தே தாரேக் குடித்தாலும் டூயிட்நவ் கியூஆரை ஸ்கேன் செய்துதான் பணம் கட்டுகிறேன். முன்பு ஸ்கேன் எங்கே என்று தேட வேண்டும், பின்னால் நிற்பவன் முறைப்பான். என் வங்கி ஆப்பில் இப்போது அதை முதல் பக்கத்திலேயே பெரிதாக வைத்துவிட்டார்கள். கொஞ்ச நாள் தடுமாற்றம், பிறகு சரியாகிவிட்டது. அக்காமாருக்குச் சொல்லிக் கொடுக்க வீட்டில் பிள்ளைகள் இல்லையா?

ஓய்வு வாத்தியார்:
பிள்ளைகள் ஈப்போவிலும் சிங்கப்பூரிலும் அல்லவா இருக்கிறார்கள், குமார்.

எங்கள் தோட்டத்துப் பெரியவர்களில் பலர் மலாய் சரளமாகப் பேசுவார்கள், படிப்பதுதான் சிரமம். ஆங்கிலம் அறவே வராது. மொழி மாற்றும் இடத்துக்குப் போனால் மலாய், ஆங்கிலம், சீனம் இருக்கும். தமிழ் இருந்தால் அபூர்வம். அப்படியிருந்தும் அவர்கள் ஆப்பைப் பயன்படுத்துகிறார்களே, எப்படி? இடத்தையும் நிறத்தையும் வைத்துத்தான். 'கீழே வலது பக்கம் பச்சை வட்டம், அப்புறம் மேலே இருந்து இரண்டாவது' என்று மனப்பாடம். படிக்கத் தெரிந்தவருக்குப் பொத்தான் இடம் மாறினால் தேடிக் கண்டுபிடிப்பார். இவர்களுக்கு இடம் மாறினால் கற்ற அத்தனையும் போயிற்று, முதலில் இருந்து தொடங்க வேண்டும்.

மோசடிச் செய்திகளை வாட்சப்பில் அனுப்பிப் பயமுறுத்தி வைத்திருப்பதும் நாம்தான். ஒரு நாள் காலையில் திரை முழுக்க வேறு மாதிரி இருந்தால், இது போலி ஆப்போ என்று அவர்கள் தொடாமல் வைத்துவிடுவது புத்திசாலித்தனம். அதைப் போய் அறியாமை என்கிறோம்.

வெள்ளைத் திரையில் வெளிறிய சாம்பல் எழுத்து யாருடைய யோசனை? எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 வெளிச்ச வேறுபாடு இருக்க வேண்டும் என்று இணைய அணுகல் வழிகாட்டுதல்களில் இருக்கிறது. என் கண்ணாடியைப் போட்டாலும் தெரியவில்லை.

பிக்சல் தம்பி:
சாம்பல் எழுத்துக்கு நானும் எதிரிதான் சார். ஆனால் முதல் வாரக் கூச்சலை வைத்து முடிவெடுத்தால் எந்த நிறுவனமும் எதையும் மாற்ற முடியாது. எத்தனை பேர் வேலையை முடித்தார்கள், எத்தனை பேர் பாதியில் விட்டார்கள் என்று எண்ணிக்கையைப் பார்ப்போம். அது பொய் சொல்லாது.

இரவுப்பணி நிஷா:
ஈப்போவில் ஒரு அழைப்பு மையத்தில் வேலை செய்கிறேன். கூச்சல் என்று ஒதுக்கினால் என்ன ஆகும் என்பதற்குப் படமும் செய்தியும் அனுப்பும் ஸ்னாப்சாட் ஆப்பைப் பாருங்கள். 2018இல் புது வடிவம் வேண்டாம் என்று 12 லட்சம் பேருக்கு மேல் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். அந்த வருஷமே அன்றாடப் பயனர்கள் 19.1 கோடியில் இருந்து 18.8 கோடியாகக் குறைந்தார்கள், நிறுவனமும் பாதி பின்வாங்கியது. சோனோஸ் ஒலிபெருக்கி ஆப் இன்னும் மோசம். 2024 மே மாதம் வந்த புது ஆப்பில் பழையதில் இருந்த அலாரம், தூக்க நேரக் கணக்கு எதுவும் இல்லை. அடுத்த ஜனவரியில் தலைமை நிர்வாகியே பதவி விலகினார். பிக்சல், உங்கள் துறையில் முடிக்காததை வெளியிடும் வியாதி இருக்கிறது.

கடைத்தெரு மாலா:
எண்ணிக்கை பொய் சொல்லாதா? நேற்று என் கடையில் ஒரு பெரியம்மாவின் கைப்பேசியில் புள்ளியைத் தேடி எடுத்துக் கொடுத்தவள் நான். என் விரல்தான் அழுத்தியது. உங்கள் கணக்கில் அது 'வாடிக்கையாளர் வேலையை முடித்தார்' என்றுதானே ஏறும்? ஊர் முழுக்க அடுத்தவர் விரலால் ஓடுகிற ஆப்பை வெற்றி என்று கூட்டத்தில் படம் போட்டுக் காட்டுவீர்கள்.

பிக்சல் தம்பி:
அடுத்தவர் விரல் எங்கள் அட்டவணையில் தெரியாது. அது நியாயமான கேள்வி.

ஓய்வு வாத்தியார்:
மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆங்கில விக்கிப்பீடியா 2023 ஜனவரியில் புதுத் தோற்றத்துக்கு மாறியது. பழையதுதான் பழக்கம் என்றால் கணக்குக்குள் நுழைந்து விருப்பத்தேர்வில் அதையே வைத்துக்கொள்ளலாம். அப்படி ஒரு கதவைத் திறந்து வைத்தால் என்ன?

பிக்சல் தம்பி:
விக்கிப்பீடியாவில் பணம் ஓடவில்லை சார். இரண்டு வடிவத்தையும் வைத்தால் இரண்டுக்கும் பிழை திருத்த வேண்டும், இரண்டிலும் பாதுகாப்பு ஓட்டை அடைக்க வேண்டும். சில மாதம் வைக்கலாம், அதற்கு மேல் எந்த முதலாளியும் காசு தரமாட்டார்.

கடைத்தெரு மாலா:
சில மாதமாவது வையுங்களேன், அதையும் வைக்கவில்லையே! சரி, 2025 ஆகஸ்ட் 31இல் இருந்து 18 வயது நிரம்பிய குடிமக்களுக்கெல்லாம் சாமான் வாங்க அரசாங்கத்தின் சாரா உதவி 100 வெள்ளி கொடுத்தார்கள். ஆப் இல்லை, கடவுச்சொல் இல்லை. பதிந்த கடையில் சாமானை எடுத்து மைகார்டு அடையாள அட்டையை நீட்டினால் முடிந்தது. எங்கள் பெரியம்மாமார் யாரிடமும் கேட்காமல் தாங்களே செய்தார்கள்.

லாரி குமார்:
முதல் நாளே கணினி திணறியதே அக்கா, அதை விட்டுவிட்டீர்கள்.

கடைத்தெரு மாலா:
திணறியது கணினி. ஆள் திணறவில்லை.

பிக்சல் தம்பி:
அந்த வரியைத் திருடி அலுவலகத்தில் பேசப் போகிறேன். அக்கா, ஒரு உதவி. ஐந்து பேரை உட்கார வைத்துச் சோதித்தாலே பெரும்பாலான கோளாறுகள் தெரிந்துவிடும் என்று பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2000இல் எழுதினார். நாங்கள் இப்போது ஒரு மருந்துக் கடை ஆப்பை மாற்றுகிறோம், இன்னும் வெளிவரவில்லை. தோட்டத்தில் இருந்து ஐந்து பேரைக் கோலாலம்பூருக்கு அனுப்ப முடியுமா?

இரவுப்பணி நிஷா:
இதுவரை அந்த ஐந்து பேரை எங்கே பிடித்தீர்கள், கோலாலம்பூர் பங்சாரின் பகட்டான காப்பிக் கடையிலா?

பிக்சல் தம்பி:
பதில் சொல்ல விரும்பவில்லை.

கடைத்தெரு மாலா:
அவர்களை அலைய விடாதே, நீ வா. ஞாயிறு மதியம் என் கடையில் கூட்டம் குறைவு, பின்னால் மேசை இருக்கிறது. அவர்கள் தங்கள் கைப்பேசியிலேயே செய்து பார்க்கட்டும், திரை கீறியிருக்கும், இடமும் நிரம்பியிருக்கும். நீ வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிரு, நானும் விரலை நீட்டமாட்டேன். ஆளுக்கு 50 வெள்ளி, கையில் பணமாக. ஆப்பில் போடுகிற வவுச்சர் வேண்டாம்.

லாரி குமார்:
50 வெள்ளி என்றால் எனக்கும் ஆப் தெரியாது அக்கா.

கடைத்தெரு மாலா:
தெரியும் என்று மேலே எழுதி வைத்திருக்கிறாய்.