அம்மாவுக்கு கேபசிட்டபின் மாத்திரை: உள்ளங்கை சிவந்து எரிகிறது, என்ன செய்வது?

குடந்தை மகள்:

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 61 வயது. பெருங்குடலில் கட்டி என்று ஆபரேஷன் முடிந்து இப்போது கீமோ போகிறது. 3 வாரத்துக்கு ஒரு முறை ஆஸ்பத்திரியில் ஆக்சாலிபிளாட்டின் டிரிப் ஏற்றுகிறார்கள். வீட்டில் கேபசிட்டபின் 500 மில்லிகிராம் மாத்திரை, காலை 3, இரவு 3. 14 நாள் சாப்பிட்டு 7 நாள் விட வேண்டும். மொத்தம் 8 சுற்று. இன்று இரண்டாவது சுற்றின் பதினோராவது நாள்.

டிஸ்சார்ஜ் சீட்டில் இந்தக் கணக்கைத் தவிர வேறு எதுவும் இல்லை. மருந்து வாங்கும் இடத்தில் 84 மாத்திரையை எண்ணி கவரில் போட்டுக் கொடுத்தார்கள். என்ன பார்க்க வேண்டும், எப்போது கூப்பிட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. டிரிப் மட்டும்தான் கீமோ, இது ஏதோ கூடவே தரும் மாத்திரை என்றுதான் முதல் சுற்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

4 நாளாக அம்மாவின் உள்ளங்கை சிவந்திருக்கிறது. அம்மியில் மிளகாய் அரைத்த கை மாதிரி எரிகிறது என்கிறார். குதிகாலில் தோல் உரிகிறது. ஃபிரிட்ஜில் தயிர்ப் பாத்திரத்தைத் தொட்டால் ஷாக் அடித்தது போல் கையை உதறுகிறார். வயிற்றுப்போக்கும் இருக்கிறது. கேட்டால் "ரெண்டு தடவைதான்டி" என்கிறார். ஆனால் முந்தாநாள் ராத்திரி பாத்ரூம் தாழ்ப்பாள் சத்தம் 3 முறை கேட்டது. டாக்டரிடம் சொன்னால் மாத்திரையை நிறுத்திவிடுவார், நோய் திரும்ப வந்துவிடும் என்று பயப்படுகிறார்.

இன்னும் இரண்டு சந்தேகம். என் மகனுக்கு 4 வயது, ஆச்சியோடுதான் தூங்குவான். அவனுக்கு ஏதாவது ஆகுமா? வாய்ப்புண்ணுக்கு மெடிக்கல் ஷாப் அண்ணன் பி காம்ப்ளெக்ஸ் அட்டை ஒன்று கொடுத்தார். அதைக் கொடுக்கலாமா?

---

கரூர் தையல்காரர்:

அம்மணி, இதைப் படித்து முடித்ததும் ஆஸ்பத்திரிக்கு போன் போடுங்கள். காலை வரை காத்திருக்க வேண்டாம். தாழ்ப்பாள் சத்தம் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியைப் பார்த்துத்தான் வெட்டிக்கொண்டிருந்த துணியை அப்படியே வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

எனக்கு 58 வயது. அம்மாவுக்கு இருக்கும் அதே வியாதி, அதே மருந்து. 8 சுற்றும் முடித்துவிட்டேன். மூன்றாவது சுற்றில் நானும் மறைத்தேன். ஒரு நாளைக்கு 6, 7 தடவை போனது. வீட்டுக்காரி கேட்டால் "வெளிச் சாப்பாடு ஒத்துக்கலை" என்பேன். அம்மா பயப்படுவது போலத்தான் எனக்கும் பயம். இந்த மாத்திரைதான் உயிரைப் பிடித்து வைத்திருக்கிறது, ஒரு வேளை விட்டாலும் போச்சு என்று மனதுக்குள் கட்டிவைத்திருந்தேன். மூன்றாம் நாள் காலையில் துணி வெட்டும் மேசைக்குப் பக்கத்திலேயே விழுந்துவிட்டேன். உடம்பில் நீர் வற்றி, சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தத்தில் ஏறி, 4 நாள் வார்டில் சலைன். இந்த மருந்து வெளியேறுவதே சிறுநீரகம் வழியாகத்தான். நீர் வற்றி சிறுநீரகம் தளர்ந்தால் மருந்து உடம்பிலேயே தேங்கி இன்னும் கடுமையாகத் தாக்கும். எனக்கு அது விழுந்த பிறகுதான் தெரிந்தது.

அங்கே டாக்டர் சொன்ன அளவு இதுதான். வழக்கமாகப் போவதைவிட ஒரு நாளில் 4 தடவையோ அதற்கு மேலோ கூடுதலாகப் போனால், அல்லது ராத்திரி தூக்கத்திலிருந்து எழுந்து போக வேண்டியிருந்தால், அடுத்த வேளை மாத்திரையை எடுக்காமல் உடனே கூப்பிட வேண்டும். 24 மணி நேரத்தில் ஒரு தடவைக்கு மேல் வாந்தி எடுத்தாலும், வாய்ப்புண்ணால் சாப்பிட முடியாமல் போனாலும், கை கால் சிவந்து வலித்தாலும் வீங்கினாலும் அப்படியே. காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் அது ராத்திரி 2 மணியாக இருந்தாலும் கிளம்பிவிட வேண்டும். நெஞ்சுவலி வந்தால் போன்கூட வேண்டாம், நேராக எமர்ஜென்சி. இந்த மருந்து சிலருக்கு இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாயையே இறுக்கிவிடும்.

எனக்கு மாத்திரையை நிறுத்தினார்கள். ஒரு வாரம் கழித்து உடம்பு தேறியதும் காலை 4, இரவு 4 என்று இருந்ததை 3, 3 ஆகக் குறைத்தார்கள். விட்டுப்போன வேளைகளை ஈடுகட்டவில்லை, அதை விட்டுவிடச் சொல்லிவிட்டார்கள். அந்தக் குறைந்த அளவிலேயே மீதிச் சுற்றுகளை முடித்தேன். அளவைக் குறைப்பதும் இந்த வைத்தியத்தின் முறைக்குள்தான் இருக்கிறது, கைவிட்டதாக அர்த்தம் இல்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள். நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

இனி கை விஷயம். இந்த மாத்திரை உடம்புக்குள் போய் ஃபைவ் எஃப்யூ என்ற மருந்தாக மாறித்தான் வேலை செய்கிறது. அதற்கு ஓயாமல் உரசலும் சூடும் படுகிற தோல்தான் முதலில் அகப்படும். எனக்குக் கத்தரிக்கோல் வளையம் அழுத்தும் கட்டைவிரலும், மிஷின் மிதிக்கும் பாதமும். உங்கள் அம்மாவுக்கு அநேகமாகப் பாத்திரம் தேய்ப்பதும் துணி பிழிவதும்தான். அந்த வேலைகளை இன்றே நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். சுடுதண்ணீரில் குளிக்க வேண்டாம், வெதுவெதுப்பு போதும். வீட்டுக்குள்ளேயும் மெத்தென்ற செருப்பு. ராத்திரி யூரியா கலந்த கிரீம் தடவி பருத்தி சாக்ஸ் போட்டுக்கொண்டு படுத்தேன். துணி வெட்டுவதைப் பையனிடம் கொடுத்துவிட்டு, அந்த 6 மாதமும் அளவெடுப்பது, பில் போடுவது மட்டும்தான் செய்தேன். 30 வருஷம் பிடித்த கத்தரியை விட்டு உட்கார்ந்திருப்பது எனக்கு வலியைவிடக் கஷ்டமாக இருந்தது. உங்கள் அம்மாவுக்கும் அடுப்படியை விடுவது அப்படித்தான் இருக்கும். கொஞ்சம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

ஃபிரிட்ஜைத் தொட்டால் ஷாக் அடிப்பது மாத்திரையால் அல்ல, டிரிப்பில் ஏறும் ஆக்சாலிபிளாட்டின் செய்வது. டிரிப் ஏறிய பிறகு கொஞ்ச நாளைக்கு ஜில்லென்ற தண்ணீர், மோர், ஐஸ் எதுவும் வேண்டாம். ஆனாலும் அடுத்த முறை போகும்போது இதையும் மறக்காமல் சொல்லுங்கள். நாளாக நாளாக விரல் நுனி மரத்துப்போக ஆரம்பித்தால் அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

இன்னொன்று. தோல் உரிந்தால் கைரேகை அழிந்துபோகும். ரேஷன் கடை மிஷினில் மூன்று விரலை மாற்றி மாற்றி வைத்தும் எனக்கு எடுக்கவில்லை, பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார்கள். கடைசியில் கண்ணைக் காட்டித்தான் அரிசி வாங்கினேன். சிங்கப்பூர்க்காரர் ஒருவரை 2008 டிசம்பரில் அமெரிக்க விமான நிலையத்தில் கைரேகை இல்லை என்று 4 மணி நேரம் உட்காரவைத்திருக்கிறார்கள். அவரும் இதே மாத்திரைதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மறு வருஷம் டாக்டர்கள் அதை மருத்துவ இதழில் எழுதினார்கள். மாத்திரை பற்றி டாக்டரிடம் ஒரு கடிதம் எழுதி வாங்கி வைத்துக்கொண்டால் பாங்கிலும் ரேஷனிலும் பேச்சு குறையும்.

---

மருந்தாளுநர், திருச்சி:

சகோதரி, அந்த பி காம்ப்ளெக்ஸ் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். ஃபோலிக் ஆசிட் என்று இருந்தால் கொடுக்காதீர்கள். பல அட்டைகளில் இருக்கும். சாதாரணமாக நல்ல சத்துதான், ஆனால் கேபசிட்டபினோடு சேர்ந்தால் மருந்தின் வேகத்தையும் நச்சையும் கூட்டிவிடும். வயிற்றுப்போக்கும் வாய்ப்புண்ணும் அதனாலேயே அதிகமாகலாம். கடைக்கார அண்ணன் நல்ல எண்ணத்தில் கொடுத்திருப்பார், அவரிடம் கீமோ மாத்திரை ஓடுகிறது என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். முள்சீத்தா கஷாயம், சத்துப் பொடி என்று சொந்தக்காரர்கள் கொண்டுவருவதையும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

அம்மா ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறாரா? வலிப்புக்கு ஃபெனிட்டாயின், யூரிக் ஆசிட்டுக்கு அலோபுரினால் ஏதாவது உண்டா? இருந்தால் இன்று போன் செய்யும்போதே சொல்லிவிடுங்கள். வார்ஃபரினோடு சேர்ந்து ரத்தக்கசிவு ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தானதுண்டு.

மாத்திரையைச் சாப்பாடு முடிந்த அரை மணி நேரத்துக்குள், தண்ணீரோடு முழுதாக விழுங்க வேண்டும். உடைக்கவோ பொடிக்கவோ கூடாது, தூள் காற்றில் பறக்கும். ஒரு வேளை மறந்தால் அடுத்த வேளைக்கு இரட்டிப்பாக்காதீர்கள்.

நீங்கள் எடுத்துக்கொடுப்பதாக இருந்தால் அட்டையிலிருந்து ஒரு சின்ன மூடியில் தட்டி, அம்மாவே வாயில் போட்டுக்கொள்ளட்டும். கை பட்டால் சோப்பு போட்டுக் கழுவினால் போதும். கர்ப்பமாக இருப்பவர்கள் தொடவே கூடாது. மகன் ஆச்சியோடு தூங்கலாம், கட்டிப்பிடிக்கலாம், மடியில் உட்காரலாம். அதைத் தடுத்து அம்மாவை நோகடித்துவிடாதீர்கள். கவனிக்க வேண்டியது இரண்டுதான்: மாத்திரை அவன் கைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும், அம்மாவின் சிறுநீர், மலம், வாந்தி பட்ட துணியைக் கையுறை போட்டுத் தனியாகத் துவைக்க வேண்டும். கழிப்பறையில் இரண்டு முறை தண்ணீர் ஊற்றுங்கள். கடைசி மாத்திரைக்குப் பிறகும் 2 நாள் அப்படியே செய்யுங்கள். மிஞ்சிய மாத்திரையைக் குப்பையிலோ கழிப்பறையிலோ போடாமல் ஆஸ்பத்திரியிலேயே திருப்பிக் கொடுங்கள்.

கைக்கு இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள். டெல்லி எய்ம்ஸில் 264 நோயாளிகளிடம் செய்த ஆய்வு 2024-இல் வந்தது. டைக்ளோஃபெனாக் 1 சதவீத ஜெல்லைக் கையில் தடவியவர்களில் 3.8 சதவீதம் பேருக்குத்தான் இந்தக் கை கால் எரிச்சல் ஓரளவு கடுமையாக வந்தது. வெறும் ஜெல் தடவியவர்களில் அது 15 சதவீதம். மூட்டுவலிக்குத் தடவும் அதே ஜெல்தான், விலையும் குறைவு. ஆனால் அது எரிச்சல் வராமல் தடுக்க மாத்திரையோடு சேர்த்தே தொடங்கியது. அம்மாவுக்கு ஏற்கெனவே தோல் உரிந்திருப்பதால் டாக்டரிடம் கேட்காமல் தடவ வேண்டாம்.

இந்த மருந்தை உடைத்து வெளியேற்றும் டிபிடி என்ற என்சைம் சிலருக்குப் பிறவியிலேயே குறைவாக இருக்கும். அவர்களுக்கு ஆரம்பத்திலேயே எல்லாம் ஒரே நேரத்தில் கடுமையாக வரும். ஐரோப்பாவில் 2020 முதல் மருந்து தொடங்கும் முன்பே இதைச் சோதிக்கச் சொல்கிறார்கள். அந்தச் சோதனை செய்தார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

---

மதுரை ராணி அத்தை:

எனக்கு மார்பகத்தில் வந்து இதே மாத்திரை சாப்பிட்டேன். வேண்டுதல் என்று சித்திரை வெயிலில் மீனாட்சி கோயில் ஆடி வீதியை வெறுங்காலோடு ஒரு சுற்று சுற்றினேன். வீட்டுக்கு வருவதற்குள் இரண்டு பாதமும் கொப்பளம், 10 நாள் நடக்க முடியவில்லை. அம்மாவுக்கு ஏதாவது வேண்டுதல் இருந்தால் மருந்து முடிந்த பிறகு வைத்துக்கொள்ளச் சொல் மகளே, அவள் காத்திருப்பாள்.

---

குடந்தை மகள்:

நேற்றே போன் செய்துவிட்டேன். இரவு மாத்திரையைக் கொடுக்க வேண்டாம், காலையில் அழைத்து வாருங்கள் என்றார்கள். வண்டியில் போகும்போது தையல்காரர் ஐயா எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மேசைக்குப் பக்கத்தில் விழுந்த இடம் வந்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம்தான், "ரெண்டு இல்லடி, ஏழு" என்றார். ராத்திரியில் மட்டும் மூன்று தடவையாம்.

ரத்தம் எடுத்தார்கள். கிரியேட்டினின் கொஞ்சம் ஏறியிருக்கிறது, சலைன் ஏற்றி சாயங்காலம் அனுப்பிவிட்டார்கள். இந்தச் சுற்றின் மீதி மாத்திரை வேண்டாம், அடுத்த சுற்றுக்கு அளவைப் பார்த்து முடிவு செய்வோம் என்று சொன்னார்கள். வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரையை எப்போது, எத்தனை என்று இந்த முறை நான் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டேன். பி காம்ப்ளெக்ஸ் அட்டையில் ஃபோலிக் ஆசிட் இருந்தது. வார்ஃபரின் எதுவும் இல்லை.

அத்தை, அம்மாவுக்கு ஒப்பிலியப்பன் கோயிலில் ஒரு வேண்டுதல் இருக்கிறது, நீங்கள் சொன்னதைச் சொல்லித் தள்ளி வைத்திருக்கிறேன். இப்போது பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அம்மாவே எழுதுகிறார். இன்று காலை பார்த்தேன்: "ராத்திரி 1. கை எரிச்சல் அதேதான். பேரன் பக்கத்தில்."