கசிவு நடந்தால் முதல் தகவலில் என்ன சொல்ல வேண்டும்? எங்கள் அனுபவங்கள்

எரிபொருள் கிடங்கில் இரவு ஷிஃப்ட் பார்த்தபோது நடந்தது இது. டேங்கர் லாரியில் டீசல் ஏற்றிக்கொண்டிருந்தோம். ஹோஸ் இணைப்பில் கசியாமல் அடைக்கும் வளையமான கேஸ்கெட் விட்டுவிட்டது. ஆபரேட்டர் உடனே எமர்ஜென்சி பட்டனை அழுத்தி பம்பை நிறுத்திவிட்டார். ஆனால் கொட்டிய டீசல் தரைச் சரிவில் மழைநீர் வாய்க்காலைப் பார்த்து ஓட ஆரம்பித்தது. சிலர் தேங்கியிருந்ததை உறிஞ்சத் துணி தேடினார்கள். சூப்பர்வைசர் ஒரு சத்தம் போட்டார்: "முதல்ல வாய்க்கால் வாயை அடைங்கப்பா! தேங்கினது எங்கேயும் போயிடாது."

மணல் மூட்டை போட்டு அடைத்தோம். அப்புறம் ஒருவர் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிடலாம் என்றார். அது கூடவே கூடாது. தண்ணீர் டீசலை இன்னும் தூரம் தள்ளிக்கொண்டு போகும். சோப்பு கலந்தாலோ, எண்ணெய் பிரிக்கும் தொட்டியில் பிரியாமல் அப்படியே வெளியேறிவிடும். ஒரு லிட்டர் எண்ணெய் தண்ணீர் மேல் ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமனுக்குப் படர்ந்தால் 1000 சதுர மீட்டரை மூடும். "கொஞ்சம்தானே" என்று எண்ணெயில் சொல்லவே முடியாது.

தகவல் சொல்வதில்தான் தடுமாற்றம் வந்தது. "எத்தனை லிட்டர்னு கேட்பாங்களே, கணக்குப் பார்த்துட்டுச் சொல்லலாம்" என்றார் ஷிஃப்ட் பொறுப்பாளர். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. என்ன எண்ணெய், எந்த இடம், எப்போது பார்த்தோம், நின்றதா இல்லையா, தண்ணீரையோ மண்ணையோ தொட்டதா, இவ்வளவு போதும். லிட்டர் கணக்கை மீட்டரைப் பார்த்துப் பிறகு திருத்திக்கொள்ளலாம். வாய்க்காலின் கீழ்ப்பக்கம் தண்ணீர் எடுப்பவர் தன் பம்பை நிறுத்த வேண்டுமென்றால், அவருக்கு இந்த நிமிடமே தெரிய வேண்டும். வேறு ஒரு கிடங்கில், தகவல் சொன்னவரிடமே விளக்கக் கடிதம் கேட்டார்கள். அதன் பிறகு அங்கே சின்னக் கசிவுகளைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. இது எவ்வளவு பெரிய ஆபத்து!

*

மேலே சொன்னது டீசலுக்குச் சரி. பெட்ரோல் என்றால் மணல் மூட்டையோடு கிட்டே போகாதீர்கள். கடுங்குளிரிலும் பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவியாகும். அந்த ஆவி காற்றைவிடக் கனம் என்பதால் தரையோடு தரையாக ஊர்ந்து வரும். லாரி எஞ்சினை ஸ்டார்ட் செய்யக்கூட விடக்கூடாது. முதலில் ஆட்களை நகர்த்துங்கள், காற்று அடிக்கும் திசையைப் பாருங்கள்.

2005 டிசம்பர் 11 அன்று இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்ட் கிடங்கில் பெட்ரோல் டேங்க் நிரம்பி வழிந்தது. அளவுமானி ஒரே இடத்தில் சிக்கிக்கொண்டது, டேங்க் நிரம்பும்போது வரத்தைத் தானாக நிறுத்த வேண்டிய உச்சமட்ட சுவிட்சும் வேலை செய்யவில்லை. ஆவி வெண்மூட்டமாக வேலியைத் தாண்டிப் பரவி வெடித்தது. அதைப் படித்த பிறகு எங்கள் இடத்தில் ஒரு வழக்கம் கொண்டுவந்தோம். டேங்கில் எண்ணெய் ஏறிக்கொண்டிருக்கும்போது மானி நகராமல் நின்றால், ஒரு சொட்டுகூட வெளியே தெரியாவிட்டாலும், வரத்தை நிறுத்திவிட்டுக் கசிவு என்றே தகவல் கொடுக்கிறோம்.