முள் கத்திரி இலை அரிக்கிறதே, நோயா?

அணைக்கட்டுக்காரன்:
இலவம்பாடி முள் கத்திரி அரைக்காணி போட்டிருக்கிறேன். முள் குத்துவது பழகிப்போச்சு. ஆனால் பூச்சி இருக்கிறதா என்று இலையைத் திருப்பினாலே முழங்கை வரை நமநமவென்று அரிக்கிறது. இலையடியில் சாம்பல் பூத்த மாதிரி இருக்கிறது, துடைத்தாலும் போகவில்லை. மருந்துக் கடைக்காரர் நோய் என்று சொல்லி ஒரு டப்பாவைத் தலையில் கட்டிவிட்டார். அடிக்கலாமா?

காட்பாடி டீச்சர்:
டப்பாவைப் பிரிக்காதீர்கள் அண்ணா. அது இலையின் முடி. லென்ஸில் பாருங்கள், ஒவ்வொன்றும் குட்டி நட்சத்திரமாகக் கிளை விரித்திருக்கும். இலையை ஒட்டிய காற்றை அசையவிடாமல் பிடித்துக்கொள்வதால் தண்ணீர் ஆவியாவது குறையும். நம்ம ஊர் மே மாத வெயிலுக்கு அது எவ்வளவு உதவி! எருக்கிலை வெள்ளையாக இருப்பதும் முடியால்தான். தக்காளிச் செடியைத் தொட்டால் கை பச்சையாகிப் பிசுபிசுக்கிறதே, அது சுரப்பி முடி. துளசி வாசனையும் அப்படிப்பட்ட முடியில்தான் இருக்கிறது. பருத்திப் பஞ்சு விதைத்தோலின் முடி. ஒரு இழை என்பது ஒரே ஒரு செல்!

ஒடுகத்தூர் தம்பி:
முடி அடர்ந்த இலையில் தத்துப்பூச்சி உட்காரத் திணறும். ஆனால் வெள்ளை ஈக்கு அது பஞ்சு மெத்தை. அதைப் பிடிக்க மஞ்சள் ஒட்டும் அட்டை கட்டுங்கள். அப்புறம், ஜவ்வாது மலைப் பக்கம் போனால் செந்தட்டிச் செடியைத் தொட்டுவிடாதீர்கள். அதன் முடி ஊசியே போடும். நான் பட்டிருக்கிறேன்.

அணைக்கட்டுக்காரன்:
பேரன் லென்ஸில் பார்த்தேன். நட்சத்திரமேதான்! முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்கிறேன். டப்பாவைத் திருப்பி எடுத்துக்கொள்வாரா என்பதுதான் இப்போது கவலை.