காரைக்குடியில் இருந்துகொண்டு உணவகங்களுக்குத் தனி மார்க்கெட்டிங் ஆலோசகராகப் பிழைக்க முடியுமா?

செக்காலைக்காரன்:
பல கிளைகள் உள்ள ஓர் உணவக நிறுவனத்தின் விளம்பரப் பிரிவில் சென்னையில் எட்டு ஆண்டுகள் வேலை பார்த்த நான், பெற்றோரின் உடல்நிலை காரணமாகக் காரைக்குடிக்கே திரும்பிவிட்டேன். சுற்று வட்டாரத்தில் உள்ள மெஸ்கள், சைவ ஹோட்டல்கள், பழைய செட்டியார் வீடுகளை விடுதியாக்கி விருந்து போடுவோர் ஆகியோருக்கு மாதக் கட்டணத்தில் ஆலோசகராக இருக்கலாம் என்பது திட்டம். உறவினர்களோ, செட்டிநாட்டுச் சாப்பாட்டுக்கு விளம்பரம் எதற்கு, பெயரே போதாதா என்கிறார்கள். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

இலைக்கணக்கு:
தம்பி, உங்கள் உறவினர்கள் சொல்வதில் பாதி சரி. நான் 22 ஆண்டுகளாக அசைவ மெஸ் நடத்துகிறேன். மத்தியானம் விழுகிற இலையை எண்ணித்தான் அன்றைய வியாபாரத்தைத் தெரிந்துகொள்வேன். சில ஆண்டுகளுக்கு முன் வெளியூர் ஆலோசகர் ஒருவருக்கு மூன்று மாதம் பணம் கொடுத்தேன். அவர் ஒரு நாளும் என் சமையற்கட்டுக்குள் நுழையவில்லை. கோலா உருண்டையைப் பிட்டுக் காட்டும் ஒரு ரீல் போட்டார். அது நன்றாக ஓடியது, பொய் சொல்லக்கூடாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாசலில் கார்கள் வரிசையாக நின்றன. என்னிடம் கறி அரைப்பதற்கு ஒரு கிரைண்டர், உருட்டுவதற்கு இரண்டு பேர். ஒன்றரை மணிக்குக் கோலா தீர்ந்துவிட்டது. அதற்காகவே திருச்சியிலிருந்து வந்தவர்கள் ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டுப் போனார்கள். நாள்தோறும் வருகிற பேங்க் ஊழியர்கள் உட்கார இடமில்லாமல் எதிர்வாடைக் கடைக்குப் போனவர்கள், அங்கேயே வாடிக்கையாகிவிட்டார்கள். சரிக்கட்டுவதற்காக அந்த ஆலோசகர் இரண்டே நாளில் நாற்பது பாராட்டுகளை யாரையோ வைத்து எழுத வைத்தார். அவையும் சில வாரங்களில் காணாமற்போயின. என் பணமும்தான்.

தேவகோட்டை ரஸ்தா:
ஆறு ஆண்டுகளாக இதே தொழிலைச் செய்பவள் என்ற முறையில் எழுதுகிறேன். ஐயாவின் நஷ்டத்தை நான் மறுக்கவில்லை; அதற்குக் காரணம் மார்க்கெட்டிங் என்பதைத்தான் மறுக்கிறேன். ஒரு மணி நேரத்தில் எத்தனை இலை போட முடியும், எந்தப் பண்டம் எத்தனை மணிக்குத் தீரும் என்று கேட்காமல் ஆளைத் திரட்டுவதற்குத் தண்டோரா போதும், ஆலோசகர் வேண்டாம். புதிய கடை ஒன்றை ஒப்புக்கொண்டால் முதல் வாரம் நான் போனை எடுத்துப் படம் பிடிப்பதே இல்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இலையையும் பார்சலையும் எண்ணுவேன், மிஞ்சிய சாதத்தைக் கேட்பேன்.

காசுக்கு எழுத வைக்கும் பாராட்டு பற்றி ஒரு வார்த்தை. 'ஐந்து நட்சத்திரம் போட்டால் பணியாரம் இலவசம்' என்று அட்டை வைப்பதைக்கூட கூகுளின் விதிகள் அனுமதிப்பதில்லை. இணைய மதிப்புரைகளுக்கென்றே இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022இல் ஐ.எஸ். 19000 என்ற தரநிலையை வெளியிட்டது; பணமோ இலவசச் சாப்பாடோ பெற்றுக்கொண்டு பரிந்துரைப்பவர் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வழிகாட்டுதல் தந்தது. இவை தெரியாதவரிடம் கடையின் பெயரை ஒப்படைக்காதீர்கள்.

தம்பியின் உறவினர்கள் சொன்ன 'பெயரே போதும்' என்பதற்கு வருகிறேன். செட்டிநாடு என்ற சொல்லைச் சென்னையிலோ சிங்கப்பூரிலோ பலகையில் எழுதினால் அது விற்கும். காரைக்குடியில் அது வெறும் முகவரி; பக்கத்துக் கடையும் செட்டிநாடுதான், அதற்கடுத்த கடையும் செட்டிநாடுதான். திருச்சியிலிருந்து இராமேசுவரம் போகிற வண்டிக்காரர் எந்தக் கடையில் நிறுத்துவது என்பதை அந்தச் சொல்லை வைத்து முடிவு செய்ய முடியாது. அந்தச் சாலையில் எனக்கு ஒரு சைவ ஹோட்டல் வாடிக்கை. கூகுள் மேப்பில் அதன் புள்ளி பின்தெருவில் விழுந்திருந்தது. தொலைபேசி எண் முன்பு குத்தகைக்கு எடுத்திருந்தவருடையது. செவ்வாய்க்கிழமை விடுமுறை என்றும் போட்டிருந்தது. கடைப் பலகையையும் உள்ளே கல்லாவையும் ஒரே வீடியோவில் காட்டி உரிமையை நிரூபித்து, எல்லாவற்றையும் திருத்த இரண்டு வாரம் ஆயிற்று. பிறகு வந்த அழைப்புகளைக் குறித்து வைக்கச் சொன்னேன். பெரும்பாலோர் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவே இல்லை. வேன் நிறுத்த இடம் உண்டா, பெண்கள் போகிற மாதிரி கழிப்பறை இருக்கிறதா என்றே கேட்டார்கள். முதலாளியைக் கழிப்பறைக்குக் கதவு மாற்ற வைத்ததுதான் அந்த ஆண்டு நான் செய்த சிறந்த விளம்பரம்.

இலைக்கணக்கு:
அம்மா, கதவு மாற்றியது நல்ல யோசனை. ஆனால் அது ஒரு நாள் யோசனை. மேப்பில் புள்ளியை நகர்த்த என் தங்கை மகன் போதும். மாதாமாதம் நான் எதற்குப் பணம் தர வேண்டும்? புரட்டாசியில் இலை குறைகிறது. கார்த்திகை பிறந்தால் ஐயப்பனுக்கு மாலை, அது முடியுமுன் தைப்பூசத்துக்குப் பழனிப் பாதயாத்திரை. ஊரில் பாதிப் பேர் என் கடைப் பக்கமே திரும்புவதில்லை. அந்த மாதங்களில் என்ன செய்வீர்கள் என்று சொல்லுங்கள்.

செக்காலைக்காரன்:
அந்த மாதங்களில் மட்டும் மாலையில் வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், காரச் சட்னி என்று தனி அடுப்பில் சைவப் பலகாரம் போட்டால் என்ன, ஐயா?

இலைக்கணக்கு:
மாலை போட்டவர் அசைவக் கடையின் எண்ணெய்ச்சட்டியில் வெந்த பணியாரத்தைத் தொடுவாரா, தம்பி? எட்டு ஆண்டு சென்னையில் இருந்தது தெரிகிறது.

தேவகோட்டை ரஸ்தா:
இதில் ஐயா சொல்வதே சரி. தம்பி சொன்ன அதே யோசனையை நானும் ஒரு வாடிக்கையாளருக்குச் சொல்லி, தனிப் பாத்திரம், தனி ஆச்சி என்று ஏற்பாடு செய்தும், ஒரு மாதத்தில் மூடினோம். அதற்குப் பிறகுதான் எனக்கு ஒன்று புரிந்தது: உள்ளூர்க்காரர் மாலை போடுகிற அதே மார்கழியில்தான் கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் பழைய செட்டியார் வீடுகளைச் சுற்றிப் பார்க்க வெளியூர்க்காரர்களும் வெளிநாட்டவர்களும் வருகிறார்கள், அரையாண்டு விடுமுறைக் குடும்பங்களும் அப்போதுதான் வருகின்றன. அவர்களுக்கு விரதம் கிடையாது. ஆகவே அந்த வாடிக்கையாளருக்கு சொல்லாமல் வருவோரை நம்பிய விற்பனையை விட்டுவிட்டு, முதல் நாள் மாலைக்குள் சொன்னால் மறுநாள் மதியம் இருபது பேருக்கு மிகாமல் இலை விருந்து என்று மாற்றினோம். வண்டி ஓட்டுநர்களிடமும் வழிகாட்டிகளிடமும் நானே நேரில் போய்ப் பேசினேன். ஆள் எண்ணிக்கை முன்பே தெரிவதால் கறி மிஞ்சுவதில்லை. புரட்டாசிக்கு எனக்கு இன்றுவரை மருந்து கிடைக்கவில்லை; வெள்ளையடிக்கவும் மாஸ்டர்களை ஊருக்கு அனுப்பவும் அந்த மாதத்தைப் பயன்படுத்தச் சொல்கிறேன்.

செக்காலைக்காரன்:
அப்படியானால் கட்டணத்தை, கூடுகிற விற்பனையில் இத்தனை சதவீதம் என்று வைத்துக்கொள்வது நியாயமாக இருக்குமா?

இலைக்கணக்கு:
என் கல்லாக் கணக்கை என் மனைவிக்கே முழுதாகக் காட்டியதில்லை.

வரவுசெலவு:
இந்த வட்டாரத்தில் சில உணவகங்களுக்குக் கணக்கு எழுதுபவன் நான். சதவீதம் வேண்டாம், விற்பனை கூடியது உங்களாலா, முகூர்த்த நாட்களாலா என்ற வழக்கு ஒருநாளும் தீராது. நிலையான மாதக் கட்டணம் வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரு தரப்பும் விலகிக்கொள்ளலாம் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, புதிதாக வருபவர்கள் கவனிக்காதது. பெரும்பாலான உணவகங்கள் 5 சதவீத ஜி.எஸ்.டி. செலுத்துகின்றன, அந்த விகிதத்தில் உள்ளீட்டு வரிக் கழிவு, அதாவது தாங்கள் பிறருக்குச் செலுத்திய ஜி.எஸ்.டி.யைத் தங்கள் வரியில் கழித்துக்கொள்ளும் சலுகை, கிடையாது. உங்கள் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் நீங்கள் பதிவு செய்து 18 சதவீதம் வாங்கியாக வேண்டும். 15,000 ரூபாய்க் கட்டணம் அன்றிலிருந்து 17,700 ரூபாய். அந்த 2,700 ரூபாயை உணவகக்காரரால் எதிலும் கழித்துக்கொள்ள முடியாது, அது அவருடைய சொந்தச் செலவு. வேறு தொழில் நிறுவனங்களுக்கு ஆலோசனை சொல்பவர்களுக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. எனவே எட்டுப் பத்துக் கடைகளைத் தாண்டி வளர நினைக்கும் நாளில், கட்டணத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வதா, வாடிக்கையாளரை இழப்பதா என்பதை முன்கூட்டியே யோசித்துவிடுங்கள். சிறுதொழில்களுக்கான உதயம் பதிவும் செய்துகொள்ளுங்கள். எழுத்து மூலம் ஒப்பந்தம் இருந்தால் 45 நாட்களுக்குள், இல்லாவிட்டால் 15 நாட்களுக்குள் வாடிக்கையாளர் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் சட்டம் சொல்கிறது. உள்ளூரில் யாரும் அதை வைத்துச் சண்டைக்குப் போவதில்லை என்பது வேறு விஷயம்.

இலைக்கணக்கு:
15,000 என்பது என் இரண்டாவது மாஸ்டரின் சம்பளத்தில் பெரும்பகுதி. அவர் இல்லாவிட்டால் கடை நடக்காது; ஆலோசகர் இல்லாமல் 22 ஆண்டுகள் நடந்திருக்கிறது. முன்பதிவு விருந்து என்ற யோசனையை மட்டும் இந்த மார்கழியில் செய்து பார்க்கிறேன். அதிலும் எனக்கு ஒரு கேள்வி உண்டு. ஆலோசகர் என் சமையற்கட்டுக்குள் வந்தால் நான் கல்பாசி எங்கே வாங்குகிறேன், கறிக்கு என்ன விலை கொடுக்கிறேன் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்துவிடும். அடுத்த மாதமே அவர் எதிர்வாடைக் கடைக்கும் வேலை பார்த்தால்?

தேவகோட்டை ரஸ்தா:
என் ஒப்பந்தத்தில் அதற்கு ஒரு வரி உண்டு, ஐயா: ஓர் ஊரில் ஒரு வகைக் கடை ஒன்றுக்கு மட்டுமே வேலை, விலகிய பிறகும் ஓராண்டுக்கு அந்த ஊரில் அதே வகைக் கடைக்கு வேலை இல்லை. இதனால்தான் என் வாடிக்கையாளர்கள் புதுக்கோட்டையிலிருந்து சிவகங்கை வரை சிதறிக் கிடக்கிறார்கள். மாதம் பாதி நாள் பேருந்தில்தான் போகிறது. செக்காலைக்காரன் தம்பி கட்டணத்தை முடிவு செய்யும்போது பயணச் செலவையும் சேர்த்துப் போடட்டும். முதல் ஆண்டு நான் போடவில்லை.