குடலில் ஊறுவதற்கு என்ன பெயர்?

(தமிழ்ச் சொல் தேடும் ஒரு குழுவின் உரையாடல். பேசுகிறவர்களுக்கு ஊர்தான் பெயர்.)

பாளையங்கோட்டை:
எங்கள் பள்ளியில் ஓடுகிற பிள்ளைகளுக்கு ஒரு கையேடு. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும். ஒரே சொல்லில் முட்டி நிற்கிறேன். 2015 பாஸ்டன் மாரத்தானில் ஓடியவர்களின் குடலில், ஓட்டத்துக்குப் பின் வெய்லோனெல்லா என்ற பாக்டீரியா பெருகியிருந்தது. ஓடும்போது தசையில் உண்டாகி ரத்தம் வழியே குடலுக்கு வரும் லாக்டேட்டை (லாக்டிக் அமிலத்தின் இன்னொரு வடிவம்) அது தின்று, புரொப்பியோனேட் என்ற சிறு கொழுப்பு அமிலமாக்கி விடுகிறது. அந்தப் பாக்டீரியாவைக் கொடுத்த எலிகள் 13 விழுக்காடு கூடுதல் நேரம் ஓடின. இப்படிப் பாக்டீரியா வெளிவிடும் 'மெட்டபொலைட்'டுக்குச் சின்னதாக ஒரு சொல் வேண்டும். 'வளர்சிதை மாற்றப் பொருள்' என்று பத்திக்கு ஆறு தடவை எழுதினால், ஓடும் முன்பே பிள்ளைக்கு மூச்சு வாங்கும்.

தென்காசி:
'எச்சம்' இருக்கே. தின்றதுபோக எஞ்சுவது. 'எச்சத்தாற் காணப்படும்' என்ற குறளுக்குப் பரிமேலழகர் மக்கள் என்றே பொருள் சொல்கிறார். அப்படியானால் புரொப்பியோனேட், பாக்டீரியா பெற்ற பிள்ளை! பெயரெச்சம் அடுத்த பெயரைத் தேடி நிற்பதுபோல இதுவும் உடம்பில் அடுத்த வேலையைத் தேடிப் போகிறது.

பாளையங்கோட்டை:
அண்ணாச்சி, எச்சம் என்றதும் வகுப்பே அண்ணாந்து காக்காயைத் தேடும்.

அம்பாசமுத்திரம்:
'குடலூறல்' என்று வைங்க. ராத்திரி தண்ணி ஊற்றின சோற்றில் அம்மா காலையில் விரலை விட்டு நக்கிப் பார்த்து, "ஊறிட்டு" என்பாள். அந்தப் புளிப்பும் பாக்டீரியா வேலைதானே? ஊற்று, ஊறுகாய் எல்லாம் ஒரே வேர். (அந்தச் சோற்றுத் தண்ணியை நீத்தண்ணி என்பதா நீச்சத்தண்ணி என்பதா என்று தனி இழையில் பேசுவோம்.)

நாகர்கோவில்:
ஊறல் என்றால் போலீஸ் கொட்டி அழிக்கிற சாராய ஊறல். பெற்றோர் சண்டைக்கு வருவார்கள்.

பேட்டை:
நான் உயிர்வேதியியல் நடத்துகிறவள். நீத்தண்ணியில் லாக்டிக் அமிலம் உண்டாகிறது. வெய்லோனெல்லாவோ லாக்டேட்டைத் தின்கிறது. ஒன்று சமைக்கிற கை, மற்றது சாப்பிடுகிற வாய். தவிர ஊறல் என்பது நடக்கிற செயல், நமக்கு வேண்டியது அதில் உண்டாகும் பொருளுக்குப் பெயர். எச்சமும் உதவாது அண்ணாச்சி. புரொப்பியோனேட்டை மட்டும் எலியின் குடலில் ஏற்றியபோதும் ஓட்டம் கூடியது. காரியம் செய்கிறதை மிச்சம் என்பீர்களா? பேசாமல் 'மெட்டபொலைட்' என்றே போடுங்கள்.

தென்காசி:
அப்புறம் இந்தக் குழு எதுக்கு டீச்சர்?

பாளையங்கோட்டை:
அச்சகத்திலிருந்து இரண்டு தடவை போன் வந்தாச்சு. நாலு பேர் தனிமடலில் சரி என்றதால் 'குடல் விளைபொருள்' என்று அனுப்பிவிட்டேன். அடைப்புக்குள் மெட்டபொலைட்.

தென்காசி:
விளைபொருள் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் எடை போடுவது. எனக்குச் சம்மதமில்லை. இரண்டாம் பதிப்பு எப்போ?