பிளெக்ஸ், பத்திரிகை டிசைனுக்கு எந்த சிஸ்டம் வாங்கலாம்?

திருப்பாதிரிப்புலியூர் டிசைனர்:
வணக்கம். கடலூரில் சின்ன டிசைன் கடை. கல்யாணப் பத்திரிகை, பில் புக், காதுகுத்து பேனர், இதுதான் பிழைப்பு. கோரல் டிராவையும் போட்டோஷாப்பையும் சேர்த்துத் திறந்தால் இருக்கிற சிஸ்டம் திணறுகிறது, முகூர்த்த மாதம் வந்தால் கேட்கவே வேண்டாம். பட்ஜெட் 60,000. மச்சான் மேக் வாங்கச் சொல்கிறான். சரிப்படுமா?

புதுவை அச்சகம்:
மேக் நல்ல பொருள்தான், ஆனால் உங்களுக்கு வேண்டாம். பிளெக்ஸ் மெஷின்காரர்கள் பெரும்பாலும் விண்டோஸ்தான், பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த பைல்களும் அதில்தான் இருக்கும், அதையெல்லாம் மாற்றிக்கொண்டிருந்தால் யார் பத்திரிகை அடிப்பது? 10-க்கு 8 அடி பேனரை 72 டிபிஐயில் (அங்குலத்துக்கு 72 புள்ளி), சிஎம்ஒய்கே என்ற நான்கு நிற அச்சு முறையில் திறந்தாலே ஒரு லேயர் 200 எம்பியைத் தாண்டும். அதனால் ரேம் 16 ஜிபிக்குக் குறையக் கூடாது, 32 போட இடம் உள்ள மதர்போர்டாகப் பாருங்கள். பழைய ஹார்டு டிஸ்குக்குப் பதில் வேகமான எஸ்எஸ்டி கட்டாயம்.

நெல்லிக்குப்பம் சர்வீஸ்:
பெரிய கிராபிக்ஸ் கார்டு என்று கடைக்காரர் தலையில் கட்டுவார், ஏமாறாதீர்கள். அது கேம் ஆடுபவர்களுக்கு. அந்தக் காசில் எஸ்ஆர்ஜிபி என்ற பொது நிற வரம்பை முழுதாகக் காட்டும், பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத ஐபிஎஸ் மானிட்டர் எடுங்கள். இல்லையென்றால் திரையில் குங்குமச் சிவப்பு, அச்சில் செங்கல் நிறம், பார்ட்டி சண்டைக்கு வருவார்.

திருப்பாதிரிப்புலியூர் டிசைனர்:
அப்போ மேக் வேண்டாம், பாகங்களை வாங்கி அசெம்பிள் செய்வதுதான். யுபிஎஸ்?

புதுவை அச்சகம்:
அதில் மட்டும் கஞ்சம் பார்க்காதீர்கள். ரெகுலர் ஜிஎஸ்டி பதிவு இருந்தால் கடைப் பெயரிலேயே பில் கேளுங்கள், 18 சதவீத வரியை நீங்கள் கட்டும் ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம்.