குதிரையோடு வாழ்பவர்கள் ஆபத்தையும் நம்பிக்கையையும் எப்படிப் பார்க்கிறீர்கள்?

புதுச்சேணம்:
கொஞ்ச காலமாகக் குதிரையேற்றம் கற்றுக்கொள்கிறேன், பாதி நாள் லாயத்திலேயே கழிகிறது. அங்கே பழம் தின்று கொட்டை போட்ட பெரியவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களைப் பார்க்கப் பார்க்க ஒரு கேள்வி மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

பாதுகாப்பு விஷயத்தில் எதையும் அசட்டையாக விடமாட்டார்கள். வயிற்று வாரை இறுக்கியதோடு முடியாது, சில நிமிடம் நடத்திவிட்டு மறுபடி வாருக்குள் விரலை விட்டுப் பார்ப்பார்கள், ஏனென்றால் சில குதிரைகள் வார் கட்டும்போது உடம்பை உப்பிக்கொண்டு நிற்கும், அப்புறம் அது தளர்ந்துவிடும். பிடிகயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு எவனாவது நின்றால் தூரத்திலிருந்தே சத்தம் போடுவார்கள். ஆனால் அதே ஆட்கள் ஏறுவதற்கு முன் குதிரையின் கழுத்தில் கை வைத்து, கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துவிட்டு, "மேலே இருக்கிறவன் பார்த்துக்கொள்வான்" என்று சொல்லிக் கிளம்பிவிடுகிறார்கள்.

எனக்கு இந்த இரண்டும் ஒட்டவில்லை. அவன் பார்த்துக்கொள்வான் என்றால் இத்தனை சரிபார்ப்பு எதற்கு, சரிபார்த்தாயிற்று என்றால் அவன் எதற்கு? குதிரையோடு பழகியதில் உங்களுக்கு ஆபத்தைப் பற்றிய எண்ணம் மாறியதா, தெய்வ நம்பிக்கை கூடியதா குறைந்ததா? நம்பிக்கை இல்லாதவர்களும் பதில் சொல்லுங்கள்.

லாயத்துக்காரன்:
எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது நண்பரே. சுமார் 500 கிலோ எடையுள்ள, ஆனால் காலங்காலமாக மற்ற மிருகங்களுக்கு இரையாக இருந்த ஒரு பிராணியின் முதுகில் உட்காருகிறோம். கண்கள் இரண்டும் பக்கவாட்டில் இருப்பதால் ஏறக்குறைய 350 பாகை அதற்குத் தெரியும், நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும்தான் தெரியாது. ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் பை அசைந்தால் போதும், என்னவென்று பார்த்துவிட்டு ஓடாது, ஓடிவிட்டுத்தான் திரும்பிப் பார்க்கும். எவ்வளவு பழக்கினாலும் மிரள்வது குறையுமே தவிர போகாது. ஆக நாம் செய்வதையெல்லாம் செய்த பிறகும் ஏதோ கொஞ்சம் மிச்சம் இருக்கத்தான் செய்கிறது.

அந்த மிச்சம் எவ்வளவு பெரியது என்பதற்கு கோர்ட்னி கிங்-டையைச் சொல்வேன். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக டிரெஸ்ஸாஜில், அதாவது குதிரையை நுணுக்கமான நடைகளில் நடத்திக் காட்டும் போட்டியில், இறங்கியவர். 2010 மார்ச்சில் சாதாரணப் பயிற்சியின்போது அவருடைய குதிரை கால் இடறி விழுந்தது. அப்போது அவர் தலையில் ஹெல்மெட் இல்லை. மண்டையோடு உடைந்து வாரக்கணக்கில் கோமாவில் கிடந்தார். பிழைத்து எழுந்த பிறகு எல்லோரும் ஹெல்மெட் போட வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசினார். உயரமான தொப்பி வைத்துப் போட்டியில் இறங்குவதைப் பெருமையாக நினைத்த அந்த விளையாட்டில், சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு 2021இல் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது.

குதிரை இடறுவதை அவரால் தடுத்திருக்க முடியாது. ஹெல்மெட் போட்டிருக்க முடியும். உங்கள் பெரியவர்கள் விரலை விட்டுப் பார்ப்பது இந்த இரண்டாவதற்காக, கண்ணை மூடுவது முதலாவதற்காக. நானும் அப்படித்தான்.

கணக்குப்பிள்ளை:
எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. குதிரைகளோடு இருந்ததில் அது வரவும் இல்லை. ஆனால் நம்பிக்கை இல்லாமல் குதிரை ஏற முடியாது என்பதை ஒத்துக்கொள்கிறேன். பயந்தால் முட்டி இறுகும், மூச்சு நிற்கும், கை தானாகக் கடிவாளத்தை இழுக்கும். முதுகில் ஒரு ஈ உட்கார்ந்தாலே தோலைச் சிலிர்க்கிற பிராணிக்கு இதெல்லாம் தெரியாமல் போகுமா? மேலே இருப்பவன் எதையோ கண்டு பயப்படுகிறான், ஓடத் தயாராக வேண்டும் என்றுதான் அது எடுத்துக்கொள்ளும். அதனால் பயம் இருக்கும்போதே மூச்சை இழுத்து விட்டு, தோளைத் தளர்த்தி உட்காரப் பழகுகிறோம். எனக்குத் தெரிந்த நம்பிக்கை அவ்வளவுதான், அதற்கு மேலே யாரும் தேவைப்படவில்லை.

ஆபத்தைப் பொறுத்தவரை, நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது டென்மார்க்கின் லிஸ் ஹார்ட்டலை. 1944இல் கர்ப்பமாக இருந்தபோது போலியோ வந்து, முழங்காலுக்குக் கீழே இயக்கம் போய்விட்டது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் ஆண்களோடு போட்டியிட்டு டிரெஸ்ஸாஜில் வெள்ளி வாங்கினார், ஏற்றிவிடவும் இறக்கிவிடவும் ஆள் வேண்டியிருந்தது. அவரை "துணிச்சல்காரி" என்று மட்டும் சொல்லி முடித்துவிடுகிறார்கள், எனக்கு அது போதவில்லை. கீழே காலால் சொல்ல முடியாததை இடுப்பாலும் தொடையாலும் சொல்லக் குதிரையோடு சேர்ந்து மறுபடி முதலிலிருந்து பழகியிருக்கிறார். எந்த ஆபத்தை ஏற்கிறோம் என்று அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கும்.

ஒன்று மட்டும் கறாராகச் சொல்கிறேன். "அவன் பார்த்துக்கொள்வான்" என்று சொல்லிவிட்டு வாரைப் பார்க்காமல் ஏறுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அது பக்தி இல்லை, சோம்பேறித்தனம்.

நள்ளிரவு லாயம்:
கணக்குப்பிள்ளை அண்ணா, நீங்கள் கடைசியில் சொன்னதை எங்கள் மார்க்கத்திலும் சொல்லியிருக்கிறார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வை நம்பட்டுமா, கட்டாமலே நம்பட்டுமா என்று ஒருவர் கேட்டதற்கு, முதலில் கட்டு, பிறகு நம்பு என்றார்கள் நபி (ஸல்) அவர்கள்.

ஆனால் எல்லோரும் விழுவதைப் பற்றியே பேசுகிறீர்கள். என் நம்பிக்கை சோதிக்கப்பட்டது குதிரை மேல் இருந்தபோது இல்லை, அதன் பக்கத்தில் தரையில் நின்றபோது. என் குதிரைக்குக் கடுமையான வயிற்றுவலி வந்துவிட்டது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. பெருங்குடலின் பெரும்பகுதி உடம்போடு ஒட்டாமல் கிடப்பதால் முறுக்கிக்கொள்ளவும் கூடும். வலி வந்தால் காலால் தரையைப் பறிக்கும், திரும்பித் திரும்பித் தன் விலாவைப் பார்க்கும், வியர்த்து வழியும். டாக்டர் வந்துசேரும் வரை நான் அதன் விலாவில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். எப்போதும் குடலுக்குள் களகளவென்று ஓடும் சத்தம் அன்றைக்கு ஒரு பக்கம் சுத்தமாக இல்லை. சும்மா நிற்கும்போது நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை துடிக்க வேண்டிய இதயம் 60ஐத் தாண்டியிருந்தது. ஈறு நிறம் மாறிக்கொண்டு வந்தது.

அப்போது நான் துஆ கேட்டேன். குதிரை பிழைக்கவில்லை. வலி தாங்காமல் புரண்டுகொண்டிருந்ததால், டாக்டர் சொன்னபடி ஊசி போட்டு அனுப்பிவைக்க நான்தான் சம்மதம் சொன்னேன். என் ஈமான் இதனால் கூடியதா குறைந்ததா என்றால், அப்படி அளக்கத் தெரியவில்லை. முன்பெல்லாம் இது நடக்கக்கூடாது என்று கேட்பேன். இப்போது, நடந்தால் செய்ய வேண்டியதைத் தள்ளிப்போடாமல் செய்யும் தெம்பைக் கேட்கிறேன்.

புதுச்சேணம்:
அக்கா, படித்துவிட்டு வெகுநேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. மனதார நன்றி. லாயத்துக்காரன் அண்ணா, ஒன்று கேட்க வேண்டும். விழுந்தால் உடனே மறுபடி ஏறிவிட வேண்டும், இல்லாவிட்டால் பயம் தங்கிவிடும் என்கிறார்களே, அது சரியா?

லாயத்துக்காரன்:
தலையில் அடிபட்டிருக்கலாம் என்ற சந்தேகம் துளி இருந்தாலும் அன்றைக்கு ஏறவே கூடாது. மூளை அதிர்ச்சியின் அறிகுறி சில மணி நேரம் கழித்துக்கூட வரும், தலைவலி, குமட்டல், குழப்பம், வெளிச்சம் கூசுவது எல்லாம் அதில் சேரும். டாக்டரிடம் காட்டுங்கள். அடி வாங்கிய ஹெல்மெட் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே நுரை நசுங்கியிருக்கும், அதை மாற்றிவிடுங்கள். பயம் இருந்தால் இருக்கட்டும், அடுத்த வாரம் போய்க் குதிரைக்கு உடம்பு தேய்த்துவிட்டு வந்தாலும் போதும்.